லூயி பிரெயில்

லூயி பிரெயில் (ஜனவரி 4, 1809 - ஜனவரி 6, 1852) பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஆசிரியரும் இசைக் கலைஞரும் ஆவார். பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கவும் தம் கையாலேயே எழுதவும் உதவும் ஆறு புள்ளி எழுத்து முறையை உருவாக்கியவர் இவரே. அம்முறை இவர் பெயராலேயே பிரெயில் என்று அழைக்கப்படுகிறது. சிறு வயதிலேயே இரு கண்களின் பார்வையையும் இழந்த இவர், தமது 15ஆம் வயதில் இம்முறையின் அடிப்படையை வகுத்து முடித்தார். ஆயினும் இவர் பணியாற்றிய பள்ளியிலேயே அது சில ஆண்டுகள் தடை செய்யப்பட்டிருந்தது. பிரான்ஸ் அதனை முறைப்படி ஏற்றபோது இவர் உயிருடன் இல்லை.

பிறப்பும் இளமையும்

பாரிஸ் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கூப்வ்ரே என்னும் சிற்றூரில் லூயி பிரெயில் பிறந்தார். தந்தை சிமோன் ரெனே பிரெயில் குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளி. தாயார் பெயர் மோனிக். நான்கு குழந்தைகளில் லூயி கடைசிப் பிள்ளை.

மூன்று வயதில், தந்தையின் பட்டறையில் தோல் தைக்கும் கருவி ஒன்றை எடுத்து விளையாடியபோது அது அவரது ஒரு கண்ணில் குத்தியது. அக்கருவி குத்தூசி என்றே பெரும்பாலும் கூறப்படுகிறது. கண்ணில் ஏற்பட்ட சீழ் மற்றக் கண்ணுக்கும் பரவியது. அக்காலத்தில் அதைத் தடுக்க மருந்தில்லை. ஐந்து வயதிற்குள் பார்வை முற்றிலும் போய்விட்டது.

பார்வையற்ற பிள்ளையை வீட்டில் ஒடுக்கி வைக்கவோ பிச்சைக்கு அனுப்பவோ தயங்காத காலம் அது. பெற்றோர் அவ்வாறு செய்யவில்லை. தந்தை மகனுக்குக் கைத்தடி செய்து கொடுத்தார். பலகையில் ஆணிகளை எழுத்து வடிவில் அடித்து அவற்றைத் தடவிப் பார்க்கக் கற்பித்தார். ஊர்ப் பாதிரியார் பல்லுயியும் பள்ளி ஆசிரியர் பெஷரேயும் அவரை மற்றப் பிள்ளைகளுடன் உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தனர். கேட்டதை மறவாத மாணவராக விளங்கியதால், பாரிஸில் இருந்த பார்வையற்ற இளைஞர்களுக்கான அரச நிறுவனத்தில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. 1819 பிப்ரவரியில், பத்து வயதில், அங்குச் சேர்ந்தார்.

பாரிஸ் பள்ளி

இப்பள்ளியை 1785ஆம் ஆண்டளவில் வாலந்தீன் ஆவி என்பவர் நிறுவினார். உலகில் பார்வையற்றோருக்கெனத் தொடங்கப்பட்ட முதல் பள்ளியாக இது கருதப்படுகிறது. கட்டடம் பழையது, ஈரம் மிகுந்தது. பிற்காலத்தில் லூயியைப் பற்றிய காசநோய்க்கு இதுவே காரணம் எனச் சொல்வோர் உண்டு.

ஆவி உருவாக்கிய நூல்களில் இலத்தீன் எழுத்துகளே பெரிய அளவில் தாளில் மேடாக அழுத்தி அச்சிடப்பட்டிருந்தன. கண்ணால் பார்ப்பவர் படிக்கும் வடிவத்தையே விரலும் படிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் தடவித் தெரிந்து கொள்வதற்குள் சொல்லின் தொடக்கம் மறந்து போகும். நூல்கள் மிகக் கனமானவை, செய்வதற்குச் செலவும் அதிகம். எனவே பள்ளியில் இருந்த நூல்கள் சிலவே. எல்லாவற்றிற்கும் மேலாக, அவ்வெழுத்தை மாணவர் தாமே எளிதில் எழுத முடியாது. அவர்கள் படிக்கலாம், குறிப்பெடுக்க இயலாது. நூலகம் என்று சொல்லத்தக்க ஒன்று அங்கு உருவாகாமல் போனதற்கு இதுவே முதற்காரணம் எனலாம்.

பார்பியேயின் புள்ளிகள்

1821ஆம் ஆண்டு சார்லஸ் பார்பியே என்னும் முன்னாள் பீரங்கிப் படை அதிகாரி தாம் அமைத்த எழுத்து முறையைப் பள்ளிக்குக் கொண்டு வந்தார். இரவில் விளக்கின்றிப் படிப்பதற்காகப் படைவீரர்களுக்கென இதனை அமைத்தார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இதில் ஒரு நெடுவரிசைக்கு ஆறாக, இரு நெடுவரிசைகளில் பன்னிரண்டு புள்ளிகள் வரை அமையும். அவை எழுத்துகளை அல்ல, ஒலிகளைக் குறித்தன.

கோட்டை விடப் புள்ளியை விரல் விரைவாக உணர்கிறது என்பதை மாணவர்கள் உடனே கண்டுகொண்டனர். குறைகளும் தெரிந்தன. ஒரு குறி விரல் நுனிக்குள் அடங்காததால் விரலை மேலும் கீழும் நகர்த்த வேண்டியிருந்தது. எழுத்துக்கூட்டல் இல்லை, நிறுத்தக்குறிகள் இல்லை, எண்களும் இசைக்குறிகளும் இல்லை. சிறுவன் லூயி சுட்டிக்காட்டிய மாற்றங்களைப் பார்பியே விரும்பவில்லை என்று கூறுவர்.

ஆறு புள்ளி முறை

அடுத்த மூன்று ஆண்டுகள், பாட நேரம் போக இரவிலும் விடுமுறையிலும் லூயி இதிலேயே ஈடுபட்டிருந்தார். 1824இல் முறை வடிவம் பெற்றது. பன்னிரண்டு புள்ளிகள் ஆறாகக் குறைந்தன. நெடுவரிசைக்கு மூன்றாக இரு வரிசைகள். விரல் நுனியின் ஒரே தொடுதலில் முழுக்குறியும் புலப்படும். ஆறு புள்ளிகளைக் கொண்டு 63 வெவ்வேறு குறிகளை அமைக்கலாம்.

இதன் அமைப்பு ஒழுங்கானது. முதல் பத்து எழுத்துகள் மேல் நான்கு புள்ளிகளால் மட்டும் ஆனவை. அவற்றுடன் இடப்பக்கக் கீழ்ப்புள்ளியைச் சேர்த்தால் அடுத்த பத்து, இரு கீழ்ப்புள்ளிகளையும் சேர்த்தால் அதற்கடுத்த வரிசை. ஆங்கிலத்தின் டபிள்யூ எழுத்து மட்டும் இவ்வரிசையில் பொருந்தாமல் நிற்கிறது. அக்காலப் பிரெஞ்சு அகரவரிசையில் அவ்வெழுத்து இடம்பெறாததே காரணம்.

எழுதுவதற்குக் கட்டங்கள் வெட்டிய பலகையும் ஓர் எழுத்தாணியும் போதும். தாளின் பின்புறத்தில் குத்துவதால் வலமிருந்து இடமாக எழுத வேண்டும். தாளைத் திருப்பினால் புள்ளிகள் மேடாக, இடமிருந்து வலமாகப் படிக்கக் கிடைக்கும். அந்த எழுத்தாணி தோல் தைக்கும் குத்தூசியைப் பெரிதும் ஒத்தது.

1829இல் சொற்களையும் இசையையும் புள்ளிகளால் எழுதும் முறை பற்றிய இவரது நூல் வெளிவந்தது. இந்நூல் புள்ளியில் அன்றி, ஆவியின் மேடான எழுத்திலேயே அச்சிடப்பட்டது. முதற்பதிப்பில் சில குறிகளுக்குப் புள்ளிகளுடன் சிறு கோடுகளும் இருந்தன. 1837ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் அவை நீக்கப்பட்டன. அதே ஆண்டில் பிரான்ஸ் வரலாறு பற்றிய நூல் ஒன்று மூன்று தொகுதிகளாகப் பிரெயிலில் வெளியிடப்பட்டது.

ஆசிரியப் பணியும் இசையும்

படித்த பள்ளியிலேயே லூயி ஆசிரியரானார். வரலாறு, கணிதம், இசை ஆகியவற்றைக் கற்பித்தார். பாரிஸ் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தார். செல்லோவும் வாசிப்பார். இன்றும் உலகெங்கும் பார்வையற்ற இசைக் கலைஞர்கள் பயன்படுத்தும் பிரெயில் இசைக்குறியீட்டுக்கு இவரே அடித்தளமிட்டார்.

பார்வையற்றோர் பார்வையுள்ளோருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்பதற்காக, வழக்கமான எழுத்து வடிவங்களையே புள்ளிகளால் வரையும் மற்றொரு முறையை 1839இல் வெளியிட்டார். அதற்கான எழுதும் பொறியைப் பார்வையற்ற நண்பர் பியேர் ஃபூக்கோ செய்து கொடுத்தார். தட்டச்சுப் பொறியின் முன்னோடிகளுள் ஒன்றாக இது மதிக்கப்படுகிறது.

தடையும் ஏற்பும்

இயக்குநராக இருந்த பிஞ்ஞியே புள்ளி முறைக்கு ஆதரவு அளித்தார். 1840இல் அவர் நீக்கப்பட்டு துய்ஃபோ இயக்குநரானார். பார்வையுள்ளவர் படிக்க முடியாத எழுத்து, பார்வையற்றோரைச் சமூகத்திலிருந்து மேலும் பிரித்துவிடும் என்பது அவர் கருத்து. புள்ளி எழுத்து பள்ளியில் தடை செய்யப்பட்டது. பள்ளியிலிருந்த பழைய நூல்கள் எரிக்கப்பட்டதாகவும் கூறப்படுகிறது. பார்வையுள்ள ஆசிரியர்களுக்குப் புதிதாக ஓர் எழுத்தைக் கற்க மனமில்லாமல் இருந்ததும் ஒரு காரணமே. மாணவர்கள் ஒளித்து வைத்து எழுதினர், தமக்குள் கற்பித்தனர். தினக்குறிப்பும் கடிதமும் எழுதப் பழகிய விரல்களிடமிருந்து எழுத்தைப் பறிக்க முடியவில்லை.

துணை இயக்குநர் ஜோசப் குவாதே இதைக் கவனித்துத் துய்ஃபோவின் மனத்தை மாற்றினார். 1844 பிப்ரவரியில் புதிய கட்டடத் திறப்பு விழாவில், குவாதே எழுதிய விளக்கம் படிக்கப்பட்டது. மாணவர்கள் பொதுமக்கள் முன்னிலையில் புள்ளி எழுத்தை எழுதியும் படித்தும் காட்டினர். லூயி பிரெயிலும் அவ்விழாவில் இருந்தார்.

மறைவு

ஏறத்தாழ 26 வயது முதல் காசநோயால் துன்புற்ற லூயி, பிற்காலத்தில் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். தமது 43ஆம் பிறந்தநாளுக்கு இரண்டு நாட்கள் கழித்து, 1852 ஜனவரி 6 அன்று மறைந்தார். பிரிக்காமல் எரிக்குமாறு இவர் சொல்லிவைத்த பெட்டியில், மாணவர்களுக்குக் கொடுத்த கடன்களின் சீட்டுகள் இருந்தன என்று நண்பர்கள் பதிந்துள்ளனர். உடல் கூப்வ்ரேயில் அடக்கம் செய்யப்பட்டது. நூறாண்டுகள் கழித்து, 1952இல், உடல் எச்சங்கள் பாரிஸின் பாந்தியோனுக்கு மாற்றப்பட்டன. கைகளின் எலும்புகள் மட்டும் சொந்த ஊரிலேயே வைக்கப்பட்டுள்ளன.

பிரான்ஸ் 1854இல் இம்முறையை ஏற்றது. 1878இல் பாரிஸில் நடந்த பன்னாட்டு மாநாடு இதனைப் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் பல புள்ளி முறைகளுக்கிடையே நெடுங்காலம் போட்டி நிலவியது. பிறந்து இருநூறு ஆண்டுகள் ஆனதையொட்டி இந்திய அரசு 2009இல் இவர் உருவம் பொறித்த 2 ரூபாய் நாணயத்தை வெளியிட்டது. 2019 முதல் ஜனவரி 4 உலக பிரெயில் நாளாக ஐக்கிய நாடுகள் அவையால் கடைப்பிடிக்கப்படுகிறது.

தமிழில் பிரெயில்

தமிழ்நாட்டில் பார்வையற்றோர் கல்வி பாளையங்கோட்டையில் 1890ஆம் ஆண்டளவில் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பள்ளியுடன் வேர் கொண்டது. அக்காலத்தில் இந்திய மொழிகளுக்கு ஒன்றுக்கொன்று பொருந்தாத பல புள்ளி முறைகள் வழக்கில் இருந்தன. ஒரு பள்ளியில் செய்த நூல் மற்றொரு பள்ளியில் பயன்படாது. அச்சகமோ நூலகமோ வளர வழியில்லை. 1951இல் பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை ஏற்கப்பட்ட பின்னரே இந்நிலை மாறியது. அதே ஆண்டில் டேராடூனில் மத்திய பிரெயில் அச்சகம் பணி தொடங்கியது.

இம்முறையில் ககரம், பகரம், மகரம், லகரம் ஆகியவை அவ்வவ்வொலியுடைய இலத்தீன் எழுத்துகளுக்கு லூயி பிரெயில் வகுத்த அதே குறிகளைப் பெறுகின்றன. ழகரம், றகரம், னகரம் ஆகியவற்றிற்கும் தனிக்குறிகள் உண்டு. அச்சில் கொகரத்தைக் காண்பவர் ககரத்தின் இருபுறமும் குறிகளைக் காண்பர். பிரெயிலில் முதலில் ககரம், அடுத்து ஒகரம் என ஒலிக்கும் வரிசையிலேயே விரல் படிக்கிறது.

சேலம், நாமக்கல் பகுதியில்

சேலத்தில் அரசு பார்வையற்றோர் பள்ளி உள்ளது. ஆத்தூர், இராசிபுரம், திருச்செங்கோடு போன்ற ஊர்களைச் சுற்றியுள்ள சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு இத்தகைய விடுதிப் பள்ளிகளே புள்ளி எழுத்தைத் தொடும் முதலிடம். படிப்பு முடிந்து ஊர் திரும்பிய பின்தான் சிக்கல் தொடங்குகிறது. பிரெயில் தாள் தடிப்பானது, ஒரு பாடநூலே பல தொகுதிகளாகப் பெருகும். ஊர்ப்புற நூலக அலமாரிக்கு அது பொருந்துவதில்லை. சென்னையில் கன்னிமாரா நூலகத்திலும், 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் பிரெயில் பிரிவுகள் உண்டு என்றாலும், நாமக்கல்லிலிருந்து ஒரு நூலுக்காகச் சென்னை சென்று வருவது எளிதன்று.

இத்தொலைவை ஓரளவு குறைத்தது அஞ்சல். பார்வையற்றோருக்கான நூல் பொதிகளை 7 கிலோ வரை தரைவழியில் கட்டணமின்றி இந்திய அஞ்சல் துறை ஏற்று வந்துள்ளது. 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டதால், உரிமையாளரின் இசைவுக்குக் காத்திராமல் நூல்களைப் பிரெயிலாகவோ ஒலிநூலாகவோ மாற்றித் தர முடிகிறது. அச்சு நூலைப் படிக்க இயலாதோருக்கான 2013ஆம் ஆண்டு மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் உறுதிப்படுத்திய நாடு இந்தியா. 2016இல் சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகம் தொடங்கப்பட்டது. அதிலிருந்து இறக்கும் கோப்பைக் கணினி குரலில் படிக்கும். புள்ளிகள் எழுந்து அமிழும் மின்னணுப் பட்டையிலும் விரலால் படிக்கலாம். அப்பட்டைகளின் விலை மிக அதிகம் என்பதால், பள்ளிகளில் பலகையும் எழுத்தாணியுமே இன்றளவும் பெரும்பாலும் பயன்படுகின்றன.