புள்ளியும் கோடும் தந்தவர்

நுழையும்முன்

ஒரு கலையைத் தேர்வின் வழியே கட்டாயமாக்கினால்தான் அது நிலைக்குமா? விரும்பிக் கற்பவரால் மட்டுமே அது வாழுமா? வணிக நோக்கமின்றி ஆர்வத்தால் வானொலியில் உரையாடுவோர் ஹாம் வானொலியாளர் எனப்படுவர். அவர்தம் உரிமத்திற்கு மோர்ஸ் குறியீட்டுப் பயிற்சி தேவையா என்னும் விவாதம் இவ்வினாவையே எழுப்பியது. அக்குறியீட்டை உலகிற்கு அளித்த சாமுவேல் மோர்ஸின் வாழ்க்கை இதற்கு ஒளி தருகிறது.

ஓவியர் மோர்ஸ்

சாமுவேல் மோர்ஸ் 1791ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சார்லஸ்டவுன் என்னும் ஊரில் பிறந்தார். யேல் கல்லூரியில் பயின்றபின் இலண்டன் சென்று ஓவியம் கற்றார். 1825இல் அவர் லஃபாயெட் என்னும் படைத்தலைவரின் உருவத்தை வரைவதற்காக வாஷிங்டனில் தங்கியிருந்தார். அப்போது நியூ ஹேவனில் அவர் மனைவி லுக்ரீஷியா இறந்தார். மடல் வந்துசேரச் சில நாள்கள் ஆயின. அவர் வீடு திரும்புமுன் நல்லடக்கமும் முடிந்துவிட்டது. குதிரையின் வேகமே செய்தியின் வேகமாக இருந்த காலம் அது.

தந்தியின் தோற்றம்

1832இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்புகையில், உடன் பயணம் செய்தவர் மின்காந்தம் குறித்துப் பேசுவதை மோர்ஸ் கேட்டார். மின்சாரத்தால் செய்தி அனுப்பும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. வறுமையிலும் முயற்சியைக் கைவிடவில்லை. பேராசிரியர் லியோனார்டு கேல், கருவிகள் செய்வதில் வல்லவரான ஆல்பிரெட் வெயில் ஆகியோர் துணைநின்றனர். 1843இல் அமெரிக்க நாடாளுமன்றம் 30,000 டாலர் ஒதுக்கியது. 1844 மே 24 அன்று வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்திச் செய்தி சென்றது.

செவியில் வளர்ந்த கலை

ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் எழுத்துகளுக்குச் சிறிய குறிகள் அமைந்தன. அக்குறிகளைக் காகித நாடாவில் பதித்துப் படிப்பதே மோர்ஸின் திட்டம். ஆனால், தந்திப் பணியாளர்கள் கருவி எழுப்பிய ஒலியைக் கேட்டே செய்தியை அறியத் தொடங்கினர். நாடா தேவையற்றதாயிற்று. எவரும் ஆணையிடாமல், பழக்கத்தால் பிறந்தது அத்திறன். மோர்ஸ் 1872 ஏப்ரல் 2 அன்று நியூயார்க்கில் மறைந்தார்.

கட்டாயமும் விருப்பமும்

வானொலி தோன்றியபின் இக்குறியீடு கம்பியின்றியும் பயணித்தது. தொலைதூரம் செல்லும் சிற்றலைகளைப் பயன்படுத்த விரும்பிய ஹாம் வானொலியாளர் இதனைக் கற்றாக வேண்டும் எனப் பன்னாட்டு விதி நெடுங்காலம் வலியுறுத்தியது. குறைந்த மின்திறனிலும் எளிய கருவியிலும், இரைச்சலுக்கிடையேயும் செய்தி சேரும் என்பது கட்டாயத்தை ஆதரித்தோர் வாதம். மின்னணுவியலில் ஆற்றல் மிக்கோரையும் இத்தேர்வு வாயிலிலேயே தடுக்கிறது என்பது எதிர்த்தோர் வாதம். 2003இல் ஜெனீவாவில் கூடிய உலக மாநாடு, முடிவை அந்தந்த நாட்டிடமே விட்டது. அமெரிக்கா 2007இல் இத்தேர்வை நீக்கியது.

தேர்வு நீங்கிய பின்னும் குறியீடு மறையவில்லை. விரும்பிப் பயில்வோர் இன்றும் உளர். ஆணையின்றிப் பிறந்த செவித்திறன் ஆணையின்றியே வாழ்கிறது. கட்டாயம் ஒரு கலையை அறிமுகப்படுத்தலாம். அதனை வாழவைப்பது ஆர்வமே.