மேஜையிலிருந்து படை நடத்திய தளபதி

தளபதி என்றதும் டாங்கியின் மீது நின்று ஆணையிடும் வீரரே நம் நினைவுக்கு வருவார். அமெரிக்கத் தளபதி ஆல்பிரட் குரூந்தர் அந்த ரகத்தைச் சேர்ந்தவர் அல்லர். போர்முனையில் பெரும்படை எதையும் அவர் நேரில் நடத்தியதில்லை. கோப்புகளையும் கணக்குகளையும் கட்டிக்கொண்டு உழைத்தே நான்கு நட்சத்திரத் தளபதியாக உயர்ந்தவர் அவர். ‘நேட்டோ’ எனப்படும் வட அட்லாண்டிக் ஒப்பந்த நாடுகளின் ஐரோப்பியக் கூட்டுப் படைக்கே அவர் தலைமை வகித்தார்.

நெப்ராஸ்கா மாநிலத்தில் பிளாட் சென்டர் என்ற சிற்றூரில் 1899 மார்ச் 3-ந் தேதி குரூந்தர் பிறந்தார். தந்தை உள்ளூர்ப் பத்திரிகை நடத்தியவர். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் 1918 நவம்பரில் தேறி, பீரங்கிப் படையில் லெப்டினன்ட் ஆனார். அதே மாதத்தில் முதல் உலகப் போர் முடிந்துவிட்டது. படை சுருங்கியது, உத்தியோக உயர்வும் நின்றுபோயிற்று. 1935-ல்தான் அவர் காப்டன் ஆனார். பதினேழு ஆண்டுகள் லெப்டினன்டாகவே காத்துக் கிடந்ததன் வேதனை, மாதச் சம்பளக்காரர் எவருக்கும் எளிதில் விளங்கும்.

வெஸ்ட் பாயிண்டில் ரசாயனமும் மின்னியலும் கற்பித்து வந்த காலத்தில், சம்பளம் குடும்பத்துக்குப் போதவில்லை. மாலையில் நியூயார்க் சென்று ‘பிரிட்ஜ்’ சீட்டாட்டப் பந்தயங்களில் நடுவராக இருந்து வருமானம் தேடினார். 1931-32-ல் நடந்த புகழ்பெற்ற கல்பர்ட்சன்-லென்ஸ் பந்தயத்துக்கும் அவரே நடுவர்.

பீரங்கிப் படையின் வேலை பெரும்பாலும் கணக்கு வேலைதான். குறியைப் பீரங்கிக்காரர் கண்ணால் காண்பதில்லை. முன்னால் இருக்கும் ஒருவர் சொல்லும் இடத்தை வரைபடத்தில் பார்த்து, தூரம், காற்று, குண்டின் எடை எல்லாவற்றையும் கணக்கிட்டுச் சுட வேண்டும். ஓர் எண் பிசகினால் குண்டு சொந்தப் படையின் தலையில் விழும். அந்தப் பயிற்சி குரூந்தரின் மனதைப் பக்குவப்படுத்தியது.

இரண்டாம் உலகப் போரில் அவருக்கு வேளை வந்தது. ஐஸன்ஹோவரின் துணை அலுவலராக இருந்து திறமையைக் காட்டினார். 1943-ல் இத்தாலியில் போரிட்ட ஐந்தாவது ராணுவத்தின் தலைமை அலுவலரானார். காஸினோ மலையில் அந்த ராணுவத்தின் கீழ் நியூஸிலாந்து வீரர்களும் இந்திய 4-வது டிவிஷனும் போரிட்டனர். பெங்களூரைத் தாயகமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படையினரும் அங்கே இருந்தனர். பல நாட்டுப் படைகளை ஒரே திட்டத்தில் இணைக்கும் வித்தையைக் குரூந்தர் அங்குதான் கற்றார்.

1949 ஏப்ரல் 4-ந் தேதி 12 நாடுகள் சேர்ந்து நேட்டோவை அமைத்தன. 1951-ல் ஐஸன்ஹோவர் அதன் ஐரோப்பியப் படைத் தலைவரானபோது, பாரிஸ் அருகே தலைமை அலுவலகத்தை உருவாக்கும் பொறுப்பு குரூந்தரிடம் வந்தது. நாட்டுக்கு நாடு மொழி வேறு, பழக்கம் வேறு. பிரிட்டனின் 25 ராத்தல் பீரங்கிக்கான குண்டு அமெரிக்காவின் 105 மில்லிமீட்டர் பீரங்கிக்குப் பொருந்தாது. யார் உத்தரவுக்கு யார் கட்டுப்படுவது, விமானத் தளத்துக்கு யார் எவ்வளவு பணம் தருவது என்பதெல்லாம் பேசிப் பேசித்தான் முடிவாயின.

1952-ல் லிஸ்பனில் கூடிய நேட்டோ நாடுகள், அந்த ஆண்டு முடிவுக்குள் 50 டிவிஷன்களைத் திரட்டுவதாக ஒப்புக்கொண்டன. 1954-க்குள் 96 என்பது இலக்கு. போரில் நொந்துபோன நாடுகளால் அவ்வளவு செலவைத் தாங்க முடியவில்லை. 1953 ஜூலையில் படைத் தலைவரான குரூந்தரின் கையில் இருந்தது ஆள் பற்றாத படைதான்.

அந்தக் குறையை அணு ஆயுதத்தால் ஈடுகட்டவே அவருடைய திட்டங்கள் முனைந்தன. அந்த ஆண்டு மே 25-ந் தேதி நெவாடா பாலைவனத்தில் 280 மில்லிமீட்டர் பீரங்கி ஓர் அணுகுண்டைச் சுட்டுக் காட்டியது. அக்டோபரில் அவ்வகைப் பீரங்கிகள் ஜெர்மனிக்கு வந்தன. அவை எட்டும் தூரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். அப்படியானால் போர் மூண்டால் குண்டு விழும் இடம் ஜெர்மன் மண்ணாகவே இருக்கும். காக்க வேண்டிய ஊரையே அழிக்கக்கூடிய காவல் அது. 1954 டிசம்பரில் நேட்டோ அணு ஆயுதத்தை அடிப்படையாகக் கொண்ட திட்டத்தை ஏற்றது. ஆயினும் பயன்படுத்தும் முடிவு அரசாங்கங்களிடமே நின்றது. 1955-ல் மேற்கு ஜெர்மனியும் கூட்டணியில் சேர்ந்தது.

1956 நவம்பரில் குரூந்தர் பதவியை விட்டார். அடுத்த ஆண்டு முதல் 1964 வரை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் தலைவராக இருந்து துயர் துடைக்கும் பணி புரிந்தார். 1983 மே 30-ந் தேதி காலமானார்.

அந்த அணுப் பீரங்கிகள் எந்தப் போரிலும் சுடப்படாமலே 1963-ல் ஓய்வு பெற்றன. அவர் கட்டிய அலுவலகம் 1967-ல் பெல்ஜியத்துக்குக் குடிபெயர்ந்து, இன்றும் இயங்கி வருகிறது. 12 நாடுகளோடு தொடங்கிய கூட்டணியில் 2024-ல் ஸ்வீடன் சேர்ந்ததும் உறுப்பு நாடுகள் 32 ஆயின. பீரங்கிகள் போய்விட்டன, பல நாட்டாரை ஒரே மேஜையில் உட்கார வைத்து வேலை வாங்கிய அவருடைய ஏற்பாடே நிலைத்து நிற்கிறது.