சேலத்தில் ராட்சத யானை!
பட முதலாளி டி.ஆர்.சுந்தரத்தின் வாழ்க்கைக் கதை

காட்டிலிருந்து யானைக் கூட்டம் வெறி பிடித்தது போல ஓடி வருகிறது. வழியில் இருந்த கிராமங்கள் நாசமாகின்றன. யானைகள் எதைக் கண்டு இப்படி மிரண்டு ஓடுகின்றன? அதைக் கண்டுபிடிக்க ஒரு கூட்டம் துப்பாக்கிகளுடன் மலைக் காட்டுக்குப் புறப்படுகிறது. அங்கே அவர்கள் கண்டது என்ன தெரியுமா? உடம்பெல்லாம் சடை தொங்கும் ராட்சத யானைகள்! பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பூண்டோடு அழிந்து போன மிருகங்கள்!

இது 1952-ம் ஆண்டில் வெளிவந்த ஒரு சினிமாப் படத்தின் கதை. ஆங்கிலத்தில் அதற்கு "தி ஜங்கிள்" என்று பெயர். தமிழில் "காடு". அமெரிக்கக் கம்பெனி ஒன்றுடன் கூட்டுச் சேர்ந்து இதை எடுத்தவர் சென்னைக்காரர் அல்ல, பம்பாய்க்காரரும் அல்ல. அவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் முதலாளி டி.ஆர்.சுந்தரம்.

நெசவு படித்தவர்

சுந்தரம் 1907-ம் ஆண்டு திருச்செங்கோட்டில் பிறந்தார். ஜவுளித் தொழிலில் செழித்த குடும்பம். நெசவுத் தொழில் நுட்பம் படிக்க இங்கிலாந்தில் உள்ள லீட்ஸ் நகரத்துக்குப் போனார். அங்கே கிளாடிஸ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்துகொண்டு ஊர் திரும்பினார்.

படித்தது நெசவு. மனம் போனதோ சினிமா மீது. தமிழ் பேசும் படம் 1931-ல் பிறந்திருந்தது. ஊரெங்கும் அதே பேச்சு. சேலத்தில் இருந்த ஏஞ்சல் பிலிம்ஸ் கம்பெனியில் சுந்தரம் பங்காளியாகச் சேர்ந்தார்.

அந்த நாளில் தமிழ்ப் படம் எடுப்பது லேசான காரியம் அல்ல. கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ போக வேண்டும். நடிகர், பாடகர், வாத்தியக்காரர் எல்லோரையும் ரெயிலில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். நாள் ஏற ஏறச் செலவும் ஏறும். சொத்தை விற்றுப் படம் எடுத்து, நடுத்தெருவில் நின்றவர்கள் பலர்.

சுந்தரம் கணக்குப் பார்த்தார். ஊர் ஊராக அலைவதைவிடச் சொந்தமாக ஸ்டூடியோ கட்டுவது மேல் என்று முடிவு செய்தார். ஏற்காடு மலை அடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் எழுந்தது. அதன் முதல் படம் "சதி அகல்யா", 1937-ல் வந்தது.

தண்ணீரும் படப் பெட்டியும்

ஒரத்தநாட்டு மக்களுக்குச் சேலத்துப் பக்கம் அந்நியம் அல்ல. மேட்டூர் அணை அன்றைய சேலம் ஜில்லாவில் 1934-ல் கட்டி முடிந்தது. அதே திட்டத்தில் வெட்டப்பட்டது கல்லணைக் கால்வாய். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் புது ஆறு. அதுவரை வானத்தை நம்பிக் கிடந்த ஒரத்தநாட்டு நிலங்களுக்கும் காவிரித் தண்ணீர் வந்தது. நெல் விளைந்தது.

அறுவடை முடிந்தால் கையில் நாலு காசு புரளும். ஊர் ஓரத்தில் டூரிங் கொட்டகை எழும்பும். வண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வருவார்கள். தரை டிக்கெட் வாங்கி, மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்ப்பார்கள். தமிழ்நாடு முழுவதும் இப்படிப்பட்ட கொட்டகைகளுக்குச் சேலத்துப் படப் பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன.

கண்டிப்பான முதலாளி

சுந்தரத்தை எல்லோரும் முதலாளி என்றே அழைத்தார்கள். நேரம் தவறினால் அவருக்குப் பிடிக்காது. பெரிய நடிகருக்கும் அதே சட்டம்தான். இந்தக் கண்டிப்பு சிலருக்குக் கசந்தது. ஆனால் ஒரு நாள் படப்பிடிப்பு வீணானால் தச்சர், தையல்காரர், விளக்குக்காரர் என்று எல்லோருடைய கூலியும் வீண். கம்பெனி கவிழ்ந்தால் அத்தனை குடும்பங்களின் அடுப்பும் அணைந்துவிடும். அதனால் கணக்கில் அவர் கறாராக இருந்தார்.

புதுமைக்கு அவர் தயங்கவில்லை. மலையாளத்தின் முதல் பேசும் படமான "பாலன்" 1938-ல் அவர் தயாரித்ததுதான். 1940-ல் "உத்தமபுத்திரன்" படத்தில் பி.யு.சின்னப்பாவை இரட்டை வேடத்தில் நடிக்க வைத்தார். தமிழில் அதுவே முதல் இரட்டை வேடப் படம்.

1950-ல் "மந்திரி குமாரி" வந்தது. அதற்கு வசனம் எழுதியவர் தஞ்சை ஜில்லா திருக்குவளையில் பிறந்த மு.கருணாநிதி. கதாநாயகன் எம்.ஜி.ஆர். படத்தை டைரக்ட் செய்த எல்லிஸ் டங்கன் என்ற அமெரிக்கர் பாதியில் தாய்நாடு திரும்பினார். மிச்சத்தை முதலாளியே டைரக்ட் செய்து முடித்தார்.

சடை முளைத்த யானை

அப்போது அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்துகொண்டிருந்தது. சினிமாக் கொட்டகைகளில் கூட்டம் குறைந்தது. இளவட்டங்களையாவது இழுக்க வேண்டும் என்று சின்னக் கம்பெனிகள் ஒரு வழி கண்டன. குறைந்த செலவு, குறைந்த நாள், கதையில் ஒரு பயங்கர மிருகம் அல்லது ஆகாய ராக்கெட். இவ்வளவுதான் சூத்திரம். காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளிக் கொட்டகைகளில் வாலிபர்கள் இவற்றை விரும்பிப் பார்த்தார்கள்.

இப்படிப்பட்ட கம்பெனிகளில் ஒன்று லிப்பர்ட். அதனுடன்தான் சுந்தரம் கைகோத்தார். வில்லியம் பெர்க் டைரக்ட் செய்தார். ராட் காமெரான், சீசர் ரொமெரோ, மேரி வின்ட்சர் ஆகிய ஹாலிவுட் நட்சத்திரங்கள் கடல் கடந்து வந்தார்கள். இந்த ரொமெரோதான் பிற்காலத்தில் "பேட்மேன்" தொடரில் சிரித்துக்கொண்டே சதி செய்யும் ஜோக்கராக வந்தவர். நம் ஊர் எம்.என்.நம்பியாரும் அவர்களோடு நடித்தார்.

ராட்சத மிருகத்துக்கு எங்கே போவது? மாமத் என்ற அந்தச் சடை யானை முற்காலத்தில் குளிர் நாடுகளில் வாழ்ந்தது. சைபீரியாவில் பனிக்கட்டிக்குள் புதைந்த அதன் உடல்கள் கிடைத்திருக்கின்றன. உயிரோடு ஒன்றுகூட இல்லை. அமெரிக்காவாக இருந்தால் ரப்பரில் பொம்மை செய்ய வேண்டும். இங்கேயோ யானைக்குப் பஞ்சம் இல்லை. நிஜ யானைகளின் உடம்பில் சடை சடையாக ரோமத்தை மாட்டினார்கள். தந்தங்களை நீட்டினார்கள். மாமத் தயார்!

இன்று அந்தப் படத்தைப் பார்க்கும் குழந்தைகூட, அது நம்ம யானைதான் என்று சிரித்துவிடும். சிரிக்கட்டும். கோடி கொட்டும் ஹாலிவுட்டோடு பண பலத்தில் போட்டி போட முடியாது என்பது முதலாளிக்குத் தெரியும். தன்னிடம் இருப்பது எது, அவர்களிடம் இல்லாதது எது என்று பார்த்தார். யானையும் காடும் ஸ்டூடியோவும் வேலை தெரிந்த ஆட்களும் தன்னிடம் இருந்தன. அதை வைத்தே அமெரிக்காவில் ஓடும் படம் ஒன்றைச் சேலத்துக் கம்பெனியின் பேரில் எடுத்துக் காட்டினார்.

வண்ணமும் வந்தது

1956-ல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த "அலிபாபாவும் நாற்பது திருடர்களும்" படத்தை வண்ணத்தில் எடுத்தார். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் அதுதான். 1961-ல் மலையாளத்துக்கும் அவரே "கண்டம் பெச்ச கோட்டு" என்ற முதல் வண்ணப்படத்தைக் கொடுத்தார்.

1963-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந்தேதி சுந்தரம் காலமானார். வயது 56. கம்பெனியை மகன் ராமசுந்தரம் ஏற்று நடத்தினார். 1980-களில் படத் தயாரிப்பு நின்றது. பல படங்கள் பிறந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது வீடுகள் இருக்கின்றன. பழைய நுழைவு வளைவு மட்டும் ஏற்காடு சாலை ஓரத்தில் நிற்கிறது.

அந்த வழியே போகிறவர்கள் குழந்தைகளுக்கு அதைக் காட்டலாம். யானைக்குச் சடை மாட்டி அமெரிக்காவுக்கே பூச்சாண்டி காட்டிய ஒரு மனிதர், தினமும் நேரம் தவறாமல் வேலைக்கு வந்த வாசல் அது.