பயந்த மனுஷர் மூட்டிய அடுப்பு



குழுவில் சேர்ந்த முதல் நாள் ஞாபகம் இருக்கா? எழுந்து பேரைச் சொல்லுங்கன்னு சொன்னதும் நாக்கு ஒட்டிக்கிட்டது. பேங்குக்குள்ள நுழையறதுக்குக் கால் கூசினது. இன்னிக்கு அதே ஆளுங்கதான் தீர்மானம் எழுதறோம், கடன் வாங்கித் தர்றோம். ஆனாலும் ஊருக்கு ஒரு தர்ம காரியம், விதைக்கக் காசில்லாத ஒரு குடும்பத்துக்கு உதவின்னு வந்தா, நாலு பேர் என்ன சொல்வாங்களோ, நம்மால முடியுமோன்னு இன்னும் பின்வாங்கறவங்க உண்டு. அவங்களுக்காகவே நம்ம மாவட்டத்துப் பெரியவர் ஒருவரின் கதையை இந்த மலரில் எழுதுகிறோம். அவர்தான் வடலூர் வள்ளலார் என்கிற இராமலிங்க அடிகள்.

திட்டக்குடியில் பஸ் ஏறி விருத்தாசலம் வழியாகப் போனால் வடலூர். தைப்பூசத்துக்கு ஜோதி பார்க்க நம்மில் பலர் போய் வந்திருக்கிறோம். தர்மசாலையில் உட்கார்ந்து சாப்பிட்டும் இருக்கிறோம். ஆனால் அந்தச் சோற்றை முதலில் போட்டவர் எவ்வளவு பயந்த சுபாவம் உள்ளவர் என்பது பலருக்குத் தெரியாது.

சிதம்பரம் பக்கத்தில் மருதூர் என்ற கிராமத்தில் 1823 அக்டோபர் 5-ஆம் தேதி அவர் பிறந்தார். அப்பா இராமையா பிள்ளை ஊர்க் கணக்கர். அம்மா சின்னம்மை. ஐந்து பிள்ளைகளில் இவர் கடைசி. பிறந்த சில மாதங்களிலேயே அப்பா இறந்துவிட்டார். கைக்குழந்தையோடு சேர்த்து ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த அம்மா என்ன பாடு பட்டிருப்பார் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொன்னேரிப் பக்கம் போய், பிறகு சென்னைக்குக் குடிபோனார்கள். மூத்த அண்ணன் சபாபதி புராணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார்.

தம்பி பள்ளிக்கூடம் போகாமல் கந்தகோட்டத்து முருகன் சந்நிதியிலேயே கிடந்தான். அண்ணனுக்குக் கோபம். இவனுக்கு வீட்டில் சோறு போடக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். அண்ணிக்கு மனசு கேட்கவில்லை. புருஷனுக்குத் தெரியாமல் பின்பக்கமாகக் கூப்பிட்டுச் சோறு போட்டார் என்று வள்ளலார் வரலாற்றில் சொல்கிறார்கள். பின்னாளில் லட்சக்கணக்கான பேருக்குச் சோறு போட்ட தர்மத்துக்கு முன்னால், ஒரு பெண் பயந்து பயந்து போட்ட அந்த ஒரு தட்டுச் சோறு இருக்கிறது. இதை நாம் மறக்கக் கூடாது.

வளர்ந்த பிறகும் அவருக்குக் கூச்சமும் பயமும் போகவில்லை. இதை மற்றவர்கள் சொல்லவில்லை. பிள்ளைப் பெருவிண்ணப்பம் என்ற நீண்ட பாட்டில் அவரே கடவுளிடம் ஒன்றுவிடாமல் ஒப்புக்கொள்கிறார். கையை வீசி நடக்க வெட்கப்பட்டு, கையைக் கட்டிக்கொண்டே நடந்தாராம். உடம்பை வெளியே காட்டப் பயந்து வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டாராம். காலண்டர் படத்தில் தலையோடு போர்த்தியிருக்கிறாரே, அந்தத் துணிதான். சத்தமாகப் பேசப் பயம். காலைத் தொங்கவிட்டு உட்காரப் பயம். காக்கை கத்தினால் கலக்கம், ஆந்தை அலறினால் நடுக்கம். பணம் புழங்கும் சென்னையில் இருந்தால் வம்பு வந்து சேரும் என்று பயந்துதான் சின்னச் சின்ன ஊர்ப்பக்கம் வந்தேன் என்கிறார்.

எல்லாப் பயத்துக்கும் மேலே ஒன்று இருந்தது. அடுத்தவர் பசியைப் பார்த்தால் அவருக்கு உடம்பு பதறும். வீடு வீடாகக் கேட்டும் வயிறு நிறையாதவர்களைப் பார்த்துத் துடித்தார். தண்ணீரில்லாமல் கருகும் பயிரைப் பார்த்தாலே கலங்கிப் போனார். மானாவாரி வெள்ளாமையை நம்பி வானத்தைப் பார்த்து நிற்கிற நமக்கு அந்தக் கலக்கம் நன்றாகவே புரியும்.

1858-ல் சென்னையை விட்டு வந்து, வடலூருக்குப் பக்கத்தில் கருங்குழி என்ற ஊரில் ஒரு ரெட்டியார் வீட்டில் தங்கினார். ஒன்பது வருஷம் அங்கேதான் இருந்தார். 1865-ல் சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கினார். சாதி, மதம் பார்க்காமல் எல்லா உயிரையும் தன் உயிராக நினைக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. அந்தச் சமயத்தில்தான் மழை பொய்த்து, 1866-ஐ ஒட்டி சென்னை மாகாணத்தின் பல ஜில்லாக்களில் பஞ்சம் வந்தது. அதில் முதலில் அடிபட்டவர்கள் ஏழைக் குடியானவர்களும் கூலிக்காரர்களும்தான்.

பசியைக் கண்டு பயந்தவர் என்ன செய்திருக்கலாம்? கதவைச் சாத்திக்கொண்டு பூஜை செய்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. எதைப் பார்க்கப் பயந்தாரோ, அதன் நடுவிலேயே போய் நின்றார். எல்லோருக்கும் சோறு போட ஒரு சாலை வேண்டும் என்று கேட்டார். அவரிடம் காசு கிடையாது. வடலூர்ப் பக்கம் பார்வதிபுரத்துக் குடியானவர்கள் 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். நம் கணக்கில் அது 100 ஏக்கருக்கு மேல். ஜமீன்தாரோ சர்க்காரோ கொடுத்ததல்ல, மண்ணை நம்பிப் பிழைத்த ஊர் ஜனங்கள் ஒன்றுசேர்ந்து கொடுத்தது. நாம் வாரா வாரம் சந்தா போட்டுச் சேர்க்கிறோமே, அந்த மாதிரி வேலைதான் இதுவும்.

1867 மே 23-ஆம் தேதி சத்திய தர்மசாலை திறக்கப்பட்டது. அன்று மூட்டிய அடுப்பு 150 வருஷத்துக்கு மேலாகியும் அணையாமல் எரிகிறது. 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி ஆழம் உள்ள அடுப்பு அது. பசி என்று வருகிறவரிடம் எந்த ஊர், என்ன சாதி என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

பசி மனுஷனை என்ன செய்யும் என்பதை ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற உரைநடை நூலில் அவர் எழுதி வைத்தார். கண் எப்படி உள்ளே போகும், காது எப்படி இரையும், கைகால் எப்படித் தளரும் என்று ஒரு வைத்தியர் மாதிரி விவரிக்கிறார். அதிலேயே இன்னொன்றும் சொல்கிறார். வீட்டில் இருப்பவர்களைப் பட்டினி போட்டுவிட்டு வெளியில் தர்மம் செய்வது சரியல்ல. வீட்டுச் செலவை அளவோடு வைத்துக்கொண்டு, மிச்சத்தில் அடுத்தவர் பசியை ஆற்ற வேண்டும். தொண்டுக்குப் போனால் குடும்பம் என்னாகும் என்று பயப்படுகிறவர்களுக்கு இதுதான் பதில்.

தொண்டு செய்தால் எல்லோரும் பாராட்டுவார்கள் என்றும் நினைக்க வேண்டாம். சண்டைக்கே போகாத அவரையும் எதிர்ப்பு விடவில்லை. அவர் பாடல்களை அருட்பா என்று சொல்லலாமா கூடாதா என்று கிளம்பிய தகராறு கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரைக்கும் போனது. உரக்கப் பேசவே பயந்தவரின் பெயர் கோர்ட்டில் அடிபட்டது. ஆனாலும் சாலையில் ஒரு வேளைகூட அடுப்பு நிற்கவில்லை.

1870-ல் அவர் மேட்டுக்குப்பத்துக்குப் போய்த் தங்கினார். சாலையைப் பக்கத்திலேயே இருந்து பிடித்துக்கொள்ளவில்லை. அன்பர்கள் பொறுப்பில் விட்டார். 1872 ஜனவரி 25-ல் வடலூரில் சத்திய ஞானசபை திறக்கப்பட்டது. 1874 ஜனவரி 30-ஆம் தேதி இரவு மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. ஜோதியில் கலந்துவிட்டார் என்பது அன்பர்களின் நம்பிக்கை.

அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் நம் பாட்டிமார் சொல்லும் தாது வருஷப் பஞ்சம் வந்தது. ஜனங்கள் லட்சக்கணக்கில் மாண்டார்கள். பயந்த மனுஷர் அப்போது இல்லை. அவர் மூட்டிய அடுப்பு இருந்தது. தலைவர் போனாலும் வேலை நிற்காதபடி செய்துவிட்டுப் போனார். ஒரு கூட்டமைப்பு கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான்.

சகோதரிகளே, பயம் போன பிறகு தொண்டுக்குப் போகலாம் என்று காத்திருந்தால் ஆயுசு போய்விடும். வள்ளலார் பயத்தோடேயே போனார். அவருக்குத் தன்னைப் பற்றிய பயத்தைவிட அடுத்தவர் வயிற்றைப் பற்றிய பயம் பெரிசாக இருந்தது. அதனால் சின்னப் பயம் வழிவிட்டது.

நாமும் பெரிசாக எதுவும் தொடங்க வேண்டாம். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்துத் தனியாக வைப்போம். மாதக் கடைசியில் குழுவில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுவோம். வெள்ளாமை போன வீடு, சம்பாதிக்கும் ஆளை இழந்த வீடு எது என்று நமக்குத்தான் முதலில் தெரியும். கேட்க அவர்கள் கூச்சப்படுவார்கள், கொடுக்க நாம் கூச்சப்படுவோம். இருட்டின பிறகு பின்வாசல் வழியாகவாவது கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவோம். அந்த அண்ணியும் அப்படித்தானே தொடங்கினார்.