கரிக்கையும் கோவை மேதையும்



எங்கள் ஊர் திருச்சுழிப் பக்கம். மானாவாரி பொய்த்தால் அப்பாவுக்குக் கரிமூட்டம்தான் பிழைப்பு. சீமைக்கருவேல விறகைக் கரியாக்கி வந்த காசில்தான் நான் டிப்ளமோ படிக்கிறேன். எங்க வீட்டில் முதன்முதலா படிக்க வந்தவன் நான்தான்.

லீவு நாளில் அருப்புக்கோட்டையில் ஒரு மெக்கானிக் ஷெட்டுக்குப் போவேன். கூடப் படிக்கும் பையன்கள் அந்தப் பக்கம் வந்தால் கரிக்கையைப் பின்னால் மறைத்துக்கொள்வேன். அந்த வெட்கத்தைப் போக்கியது ஜி.டி. நாயுடு அவர்களின் வாழ்க்கை.

1893-ல் சூலூர் அருகே கலங்கலில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவில்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்த நாள் முதல் அதே நினைப்பு. ஹோட்டலில் சர்வராக நின்று காசு சேர்த்து, அதை வாங்கியே விட்டார். வாங்கியவர் சும்மா ஓட்டித் திரியவில்லை. கழற்றிப் போட்டு, மறுபடி மாட்டிப் படித்தார்.

1920-ல் ஒரே ஒரு பஸ்ஸைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். அது யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்தார். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்விக்கூடம் அமைய முன்நின்றார். படிக்காதவர் நம்மைப் போன்றவர்கள் படிக்க வழி செய்தார்! 1974-ல் மறைந்தார்.

போன மாதம் ஷெட்டுக்கு ஒரு பழைய கார் மிஸ்ஸிங் ஆகி வந்தது. எட்டாவதோடு நின்ற ஷெட் அண்ணன் சத்தத்தை வைத்தே பிளக் என்று சொல்லிவிட்டார். பரீட்சையில் நான்கு ஸ்ட்ரோக்கையும் படம் போட்ட நான் முழித்தேன். இன்ஜின் ஆறியதும், குழிக்குள் தூசி விழாதபடி ஊதிவிட்டு, பிளக்கைக் கழற்றினேன். நுனி முழுக்கக் கரி. கரி மின்சாரத்தைக் கடத்தும்; அதனால் பொறி இடைவெளியில் தாவாமல் கரி வழியே ஓடிப்போகிறது. இதை அண்ணனுக்கு நான் விளக்கினேன். பிரஷ்ஷால் துடைத்து, ஃபீலர் கேஜில் இடைவெளி பார்த்து, முதல் சுற்றைக் கையாலேயே மாட்டச் சொல்லி அவர் காட்டிக்கொடுத்தார். எரிபொருள் அதிகம் போகும் கோளாறைச் சரி செய்யாவிட்டால் கரி மறுபடி படியும் என்பதையும் அவரிடமே கற்றேன். வண்டி சீராக ஓடியது.

கைக்குப் புத்தகமும், புத்தகத்துக்குக் கையும் வேண்டும் என்று அன்றுதான் புரிந்தது. இப்போதெல்லாம் கையை மறைப்பதில்லை. இந்த மலர் வந்ததும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவேன். அவர் கையிலும் கரிதானே!