ஹெட்லி வெரிட்டி: போர் நிறுத்திய பந்துவீச்சு

கிரிக்கெட் பதிவேடுகளில் நான் அடிக்கடி திரும்பிப் பார்க்கும் கணக்கு ஒன்று உண்டு: 9 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள். 1939 செப்டெம்பர் 1ஆம் திகதி ஹோவ் மைதானத்தில், சசெக்ஸ் அணிக்கு எதிராக யோர்க்ஷயரின் இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் ஹெட்லி வெரிட்டி எடுத்தவை அவை. அன்று அதிகாலையில்தான் ஜேர்மனி போலந்துக்குள் புகுந்திருந்தது. முதல்தரப் போட்டியில் வெரிட்டி பந்து வீசிய கடைசி நாளும் அதுவே.

1905இல் லீட்ஸில் பிறந்தவர். யோர்க்ஷயரில் பிறந்தவர்களை மட்டுமே அந்தக் கவுண்டி அணி அப்போது சேர்த்துக்கொள்ளும். வில்பிரட் ரோட்ஸ் ஓய்வுபெற்ற 1930இல் அவரது இடத்தை நிரப்ப வந்தார். மறு வருடமே இங்கிலாந்து அணி அழைத்தது. கவுண்டியில் விக்கெட் குவிப்பவர்களைத்தான் தெரிவாளர்கள் தேடினார்கள். டெஸ்ட் முடிந்ததும் வீரர் கவுண்டிக்கே திரும்பிவிடுவார். வெரிட்டி இரண்டுக்கும் குறைவைக்கவில்லை.

1932இல் நொட்டிங்ஹாம்ஷயருக்கு எதிராக 10 ஓட்டங்கள் மட்டும் கொடுத்து 10 விக்கெட்டுகளையும் சாய்த்தார். முதல்தரக் கிரிக்கெட்டில் அந்தச் சாதனை இன்னும் முறியவில்லை. 1934இல் லோர்ட்ஸில் அவுஸ்திரேலியாவின் 14 விக்கெட்டுகளை ஒரே நாளில் வீழ்த்தினார். அந்தப் போட்டியின் இரண்டு இன்னிங்ஸிலும் டொன் பிரட்மன் அவரிடமே ஆட்டமிழந்தார். 40 டெஸ்ட்களில் அவர் எடுத்தவை 144 விக்கெட்டுகள்.

போர் தொடங்கியதும் கிரீன் ஹவார்ட்ஸ் படைப்பிரிவில் சேர்ந்து கப்டன் ஆனார். 1943 ஜூலையில் சிசிலியில், இரவுத் தாக்குதலொன்றில் தன் அணியை முன்னின்று நடத்தியபோது நெஞ்சில் காயப்பட்டார். பிடிபட்டு, போர்க்கைதியாக இத்தாலிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஜூலை 31ஆம் திகதி கசேர்ட்டாவில் உயிரிழந்தார். வயது 38.

வீட்டுக்கு முதலில் கிடைத்த தகவல், அவர் காணாமல் போய்விட்டார் என்பதே. அந்தச் சொல்லின் கனத்தை எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மனைவி கத்லீனும் இரண்டு ஆண்பிள்ளைகளும் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். பிறகு உறுதியான செய்தி வந்தது. துக்கம் தீரவில்லைதான், ஆனால் எங்கே, எப்போது என்ற கேள்விகளுக்குப் பதில் கிடைத்தது.

1954இல் அவுஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில், பழைய யோர்க்ஷயர் தோழர் லென் ஹட்டன் கசேர்ட்டாவுக்குச் சென்று அந்தக் கல்லறையில் அஞ்சலி செலுத்தினார். வெரிட்டியின் சாதனைகளைவிட என் மனதில் அதிகம் நிற்பது இதுதான். கைதியாக இறந்த ஒருவருக்கு, அவர் போரிடப் போன நாட்டிலேயே பெயர் பொறித்த கல் இருக்கிறது. தேடிப்போகிறவர்கள் அதை இன்றும் கண்டுகொள்ளலாம்.