சந்தனம் அரைத்த கை

புவனகிரியில் 1595ஆம் ஆண்டு பிறந்த வேங்கடநாதர், பின்னாளில் ராகவேந்திரர் எனப் போற்றப்பட்டவர். பொருள் வேண்டாது கற்பித்த அவரது கும்பகோணத்து இல்லத்தில் மனைவியும் மகனும் பசித்திருந்த நாள்கள் பல என்கிறது மரபு. ஒரு விருந்தில், அவரது புலமை அறியாதோர் சந்தனம் அரைக்கப் பணித்தனர். அக்னி சூக்தத்தை ஓதியவாறே அரைத்தார். பூசியவர் உடல் எரிந்ததாம். பின்னர் வருண சூக்தம் ஓதித் தந்த சந்தனம் குளிர்வித்ததாம்.

அற்புதத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். பசியோ அவமதிப்போ அவர் மனத்தைக் கைவேலையிலிருந்து பிரிக்கவில்லை என்பதே கதையின் உட்பொருள்.

1621இல் துறவு, 1671இல் மந்திராலயத்தில் பிருந்தாவனப் பிரவேசம். நோயுற்றோர் இன்றும் அங்கே ஆறுதல் தேடுகின்றனர். துன்பம் தீர்ந்தபின் வருவதன்று அமைதி; துன்பத்தின் நடுவே, செய்யும் செயலில் மனம் ஒன்றும்போதே அது தொடங்கிவிடுகிறது.